கையுறை போட்ட தாய்மாமன்

என்னிடம் இரண்டு குதிரைகள் உண்டு. இரண்டும் வெள்ளி நாணயத்தில் ஓடுபவை. ஒரே வெளிநாட்டு நாணயச்சாலையில், ஒரே வருடத்தில் பிறந்தவை. எடை ஒன்று, தூய்மை ஒன்று, பிடரி பறக்க இடது பக்கம் ஓடுகிற ஓட்டமும் ஒன்று. முதல் குதிரைக்குக் கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு கொடுத்து இரண்டாவதை வாங்கினேன். இதைக் கேட்டதும் எல்லோர் வாயிலும் வருகிற கேள்வி என் மனைவியின் வாயிலும் வந்தது.

"ஏங்க, அதுவும் குதிரைதானே?"

இந்த ஒரு கேள்விக்கு நான் மூன்று வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதிலைச் சொல்லப் போய் நான் எதை இழந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். படிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானே பாதி இடங்களில் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்; மீதிப் பாதியில் சிரிப்பு வரவில்லை.

குவாலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடை கிராணி. தோட்டங்களிலிருந்து குலை ஏற்றிக்கொண்டு லோரி வரும், மேடையில் ஏறும், எடையைக் குறிப்பேன். குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியின் எடையைக் குறிப்பேன். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. லோரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா, கதவு நசுங்கியிருக்கிறதா என்று எந்த எடை கிராணியும் பார்க்க மாட்டான். அப்படிப்பட்டவன் ஐம்பது வயதுக்கு மேல், ஒரே எடையுள்ள இரண்டு காசுகளில் ஒன்றுதான் உசத்தி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் வாதாட ஆரம்பித்தால், ஆலையில் அவனைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பித்தை எனக்குத் தொற்ற வைத்தவர் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் ஒரு நண்பர். எங்கள் ஆலையின் கொதிகலனைப் பழுது பார்க்க வரும் டெக்னிஷியன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பார், மற்ற நாட்களில் நாணயம் சேர்ப்பார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை வெளியே எடுத்தார். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து, விரல் விரலாக இழுத்து மாட்டினார். கொதிகலனுக்குள் கையை விடும்போதுகூட அவர் அவ்வளவு பொறுமையாகக் கையுறை மாட்டி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, நல்லா பாருங்க. ஆனா பேசாதீங்க லா. எச்சில் தெறிச்சா போச்சு."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அந்த அரை நிமிடத்தில் என் புத்தி கெட்டது.

விஷயம் இவ்வளவுதான். ஒரே நாணயத்தை இரண்டு விதமாக அச்சிடுகிறார்கள். முதல் விதத்துக்குப் புல்லியன் என்று பெயர். வெள்ளியைச் சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்கானது. இயந்திரம் ஒரே அடி அடித்துத் தள்ளிவிடும். அடித்த காசுகளைக் குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பிவிடுவார்கள். வழியெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரும். கைக்கு வரும்போதே அங்கங்கே சின்னக் கீறல் இருக்கும். சிலவற்றில் யாரும் தொடாமலே வெள்ளை வெள்ளையாகப் பால் தெறித்தாற்போல் புள்ளி விழும். ஆனால் அதற்கென்று ஓர் அழகு உண்டு. பட்டு வேட்டியின் மினுமினுப்பு அது. சாய்த்துப் பார்த்தால் ஒளி ஒரு கோடாக எழுந்து குதிரையைச் சுற்றி வரும்.

இரண்டாவது விதம் சேகரிப்பவர்களுக்கானது. புரூஃப் என்பார்கள். அச்சையும் வெற்று வெள்ளி வில்லையையும் முன்னதாகவே மெருகேற்றி, நிதானமாக, ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். காசின் தரை கண்ணாடியாகிவிடும். உங்கள் மூக்கின் துவாரம்கூட அதில் தெரியும். அதன் மேல் குதிரை மட்டும் பச்சரிசி மாவு தூவியதுபோல் வெள்ளையாக நிற்கும். நேராகப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர்மேல் வெள்ளைக் குதிரை. வெளிச்சத்தை மாற்றிச் சாய்த்தால் தண்ணீர் வெளுத்துக் குதிரை கறுத்துவிடும். அதற்கு வட்டமான பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்கு மெத்தை வைத்த பெட்டி, பெட்டிக்கு எண் போட்ட சான்றிதழ். எனக்கே பிறப்புச் சான்றிதழ் இரண்டு வயதில்தான் எடுத்தார்கள்.

புரூஃப் காசுக்கு ஒரே ஒரு கெட்ட குணம். விரல் பட்டால் தீர்ந்தது. ரேகை அந்தக் கண்ணாடியில் அப்படியே பதிந்து, நாளாக ஆகப் பழுப்பேறி நிலைத்துவிடும். சரி, துடைத்துவிடலாம் என்று துணியை வைத்தால் இன்னும் மோசம். முடி முடியாகக் கீறல் விழும். ரேகையாவது ஒரு மனிதனின் ரேகை, கீறல் முட்டாளின் கையெழுத்து என்பார் நண்பர்.

இரண்டு குதிரைகளும் வீட்டுக்கு வந்தபிறகு சாப்பாட்டு மேசை என் ஆராய்ச்சிக் கூடமானது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டின் கீழ் ஒருமுறை, கைப்பேசி விளக்கில் ஒருமுறை என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பேன். எதிரில் மனைவி நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் விளக்கம் நடக்கும்.

"இதப் பாரு, இது தரை. இது உருவம். தரையில எவ்வளவு ஆழம் தெரியுது பாரு."

"எனக்கு உங்க மூக்குதான் தெரியுது."

அவள் புல்லியனுக்கு நல்லவன் என்று பெயர் வைத்தாள். மீன் கையோடு எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாலும் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். புரூஃபுக்குக் கோவக்காரன் என்று பெயர். நாளடைவில் வீட்டில் கோவக்காரன் யார் என்பதில் குழப்பம் வந்தது. பேரீச்சம்பழம் தின்ற கையோடு அவள் மேசைப் பக்கம் வந்தாலே நான் கத்தினேன். மின்விசிறியைப் போட்டால் தூசி என்றேன். விருந்தாளி வந்தால் முதலில் கையைப் பார்த்தேன், பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. சுங்கை ஆயர் தாவாரில் சாலையோரக் கடை போட்டுக் காலையில் தேங்காய்ப்பால் சோறு மடித்து நாசி லெமாக் விற்கிறாள். அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அத்தான் போய்விட்டார். அப்பா இல்லாத பிள்ளைகள். எங்கள் குடும்ப வழக்கப்படி கூறைப் புடவை கட்டி வரும் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துப்போவது தாய்மாமன். அப்பா இல்லாத இடத்தில் அந்தக் கைக்கு இன்னும் கொஞ்சம் அர்த்தம் கூடும். அந்தக் கை என் கை.

மூன்று வருடத்துக்கு முன் மூத்தவளின் கல்யாணம். மண்டபம் சபாக்கில். அதே நாள் காலை நண்பரிடமிருந்து செய்தி வந்தது: அந்தப் புரூஃப் குதிரை ஒன்றே ஒன்று கையில் இருக்கிறது, இன்னொருவர் கேட்டிருக்கிறார், எட்டு மணிக்குள் வந்தால் எனக்கு. மனைவியை அக்கா வீட்டார் வேனில் அனுப்பிவிட்டு, நான் எதிர்த்திசையில் புக்கிட் பெருந்துங்குக்குப் போனேன். நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். திரும்பி வரும் வழியில் செம்பனை லோரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருடம் லோரிகளை நிறுத்தி வைத்தவனை அன்றைக்கு ஒரு லோரி நிறுத்தி வைத்தது. நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போனவன் என் சித்தப்பா மகன்.

அக்கா அன்று சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு போன் போட்டால் சாப்பிட்டாயா, நல்லாயிருக்கியா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

போன ஆவணியில் சின்னவளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. அக்கா தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் முறைப்படி செய்தாள். காப்பியைக் குடித்து முடித்தபிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த தடவையாச்சும் ஒழுங்கா வந்து நில்லுடா. தாலித் தட்டை நீதான் சபைக்குக் கொண்டுபோகணும். பிள்ளைய நீதான் கைபிடிச்சு கூட்டிட்டு வரணும். அவ கேக்குறா, மாமா வருவாரான்னு."

"என்னாக்கா இப்படி சொல்ற, வராம இருப்பேனா?"

"மூத்தவ கல்யாணத்துக்கும் இப்படித்தான் சொன்ன."

அவள் போனதும் நான் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. எந்தக் காசு என்னை முதல் கல்யாணத்தில் நிற்க விடாமல் செய்ததோ, அதே காசை இரண்டாவது கல்யாணத்தில் மாமன் சீராக வைத்தால் அக்காவுக்கு என் மனசு புரியும் என்று தோன்றியது. என்னிடம் இருந்ததிலேயே உசத்தியானது அதுதான். கோவக்காரனைக் கொடுக்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கூட்டை ஒருமுறை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்த அணைப்பு அக்காவுக்காகவா காசுக்காகவா என்று நான் அப்போது ஆராயவில்லை.

"நல்லவனை வைங்களேன்," என்றாள் மனைவி. "கல்யாண வீடு. பத்துப் பேர் கை படும். அவன்தான் தாங்குவான்."

"புல்லியனையா? சீர்லயா? குழாயில மூட்டை மாதிரி வர்ற காசு அது."

"மூட்டையில வந்தா என்னா, வெள்ளி இல்லையா?"

தரை, உருவம், மாவு, கண்ணாடி என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய் துணி காயப் போட்டாள்.

கல்யாணத்தன்று விடிகிற நேரத்திலேயே கிளம்பி, மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். பந்தல்காரனே எனக்குப் பிறகுதான் வந்தான். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, நடந்து போகிற போக்கில் என் தோளில் இருந்த துண்டைச் சரி பண்ணிவிட்டுப் போனாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவின் கை என்மேல் பட்டது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

தாலித் தட்டு தயாரானது. தேங்காய், பூ, மஞ்சள் அரிசி, வெற்றிலை, நடுவில் தாலி. என் குதிரையைத் தாலிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைமேல் வைத்தேன். பிளாஸ்டிக் கூட்டோடு வைத்துப் பார்த்தால் மண்டபத்து விளக்குகளெல்லாம் கூட்டில் விழுந்து குதிரையே தெரியவில்லை. கறுப்புத் தண்ணீரும் இல்லை, வெள்ளைக் குதிரையும் இல்லை. ஏதோ மருந்து டப்பா மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஜிப்பாப் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினேன். கூட்டைத் திறந்து, காசின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, வெற்றிலைமேல் வைத்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கையுறை போட்ட தாய்மாமனை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாலித் தட்டு சபைக்கு எதற்காகப் போகிறது? ஒவ்வொருவரும் தொட்டு வாழ்த்துவதற்காக. சின்ன வயதிலிருந்து எத்தனை கல்யாணத்தில் நானே அப்படித் தொட்டிருக்கிறேன்! எங்கள் ஆட்களில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தொடுவதற்கென்றே சுற்றி வருகிற தட்டில், உலகத்திலேயே தொடக்கூடாத பொருளை அவிழ்த்து வைத்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன். இரண்டு வருடத்துக்கும் மேலாகக் காசைப் பார்க்கிற பொருளாகவே நினைத்து நினைத்து, தொடுவது என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சின்னவள் கூறைப் புடவை மாற்ற உள்ளே போனாள். அக்கா தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எல்லார்கிட்டயும் காட்டு. யாரையும் விட்டுடாத."

முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா. விரல் நுனியால் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கமான மனிதர், காசு தப்பித்தது. அடுத்தவர் தாலியைத் தொட்டார், தேங்காயைத் தொட்டார், பிறகு "இது என்னா காசு?" என்று குதிரையின் வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். என் வயிற்றில் அழுத்தினாற்போல் இருந்தது.

"ஐயா, ஓரத்தைத் தொடுங்க."

"என்னா?"

"இல்ல, காசுக்கு ஓரம் இருக்குல்ல, அங்க தொட்டா போதும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அசடு வழிந்துகொண்டே நகர்ந்தேன். அதற்குப் பிறகு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விரல்களை மட்டும் பார்த்தேன். மஞ்சள் பட்ட விரல், சந்தனம் பட்ட விரல், குழந்தையின் மூக்கைத் துடைத்த விரல். தட்டை லேசாகச் சாய்த்துத் தாலி அவர்கள் பக்கமும் காசு என் பக்கமும் வருகிற மாதிரி பிடித்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் இந்தத் தந்திரம் பலித்தது.

மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தவர். பசியாறிக்கொண்டிருந்தவர் தட்டு வருவதைப் பார்த்து அவசரமாக எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். கழுவியும் விரல்களில் நெய் மினுமினுத்தது. அவர் ஒற்றை விரலால் தொடுகிறவர் இல்லை. ஐந்து விரலையும் விரித்துத் தட்டின்மேல் மொத்தமாக வைத்து ஆசீர்வாதம் செய்ய வந்தார்.

என் கை தானாகத் தட்டைப் பின்னால் இழுத்தது.

அவர் கை காற்றில் நின்றது. தேங்காய் உருண்டு கீழே விழுந்து நாற்காலிகளுக்குள் ஓடியது. தாலி சறுக்கித் தட்டின் விளிம்பில் போய் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாலித் தட்டை ஒரு பெரிய மனுஷியின் கைக்கு எட்டாமல் இழுத்தால், உங்கள் வாழ்த்து எங்கள் பெண்ணுக்கு வேண்டாம் என்று சபையில் சொல்வதுபோல. இதைவிடச் சின்னக் காரணத்துக்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் சம்பந்திகளை எனக்குத் தெரியும்.

"என்னா தம்பி, என் கை ஆகாதா?"

"அய்யய்யோ, அப்படி இல்லம்மா. கையில நெய் இருக்கு, அதான்."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். கால் தடுக்கியது என்றிருக்கலாம், மயக்கமாக வந்தது என்றிருக்கலாம். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து யோசித்திருந்தாலும் அதைவிட மோசமான பதில் கிடைத்திருக்காது.

அக்கா எங்கிருந்தோ ஓடி வந்தாள். அந்த அம்மாவின் முன் இரண்டு கையையும் கூப்பினாள்.

"மன்னிச்சிருங்க. அவனுக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல. நீங்க தொடுங்க. நீங்க தொட்டாத்தான் என் பிள்ளை நல்லா இருப்பா."

பெரியம்மா நல்ல மனுஷி. தாலியைக் கை நிறையத் தொட்டுக் கும்பிட்டார். அக்கா தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். என்னை அவள் திட்டியிருக்கலாம். குரலைத் தாழ்த்தி இவ்வளவுதான் சொன்னாள்:

"காசை எடுத்துக்க. போய்க் கதவுகிட்ட நில்லு. பிள்ளை ரெடியாயிட்டா, வெளிய வந்ததும் கையப் பிடிச்சு கூட்டிட்டு வா."

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு நடந்தபிறகும் அக்கா எனக்குரிய இடத்தை எனக்கே வைத்திருந்தாள்.

நான் கதவுக்குப் போனேன். சரியாகச் சொன்னால், கதவுக்கு நாலு அடி தள்ளியிருந்த தூணுக்குப் போனேன். தூணில் ஒரு டியூப்லைட் இருந்தது. காசைச் சாய்த்துப் பார்த்தேன். குதிரையின் வயிற்றில் முழுக் கட்டைவிரல் ரேகை. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தீற்றல். கறுப்புத் தண்ணீர் முழுக்க யார் யாருடைய விரல்களோ. துடைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், பட்டுத் துண்டின் நுனியால் துடைத்தேன். துண்டில் சரிகை இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினேன், கீறல்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். குதிரையின் கால் பக்கம் மேலும் சில. அவை புதியவையா, முன்பே இருந்தவையா என்று கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன்.

நாதஸ்வரக்காரர் ராகத்தை மாற்றி வாசித்தது காதில் விழுந்தது. தலையைத் தூக்கினேன். கூறைப் புடவையின் பின்பக்கம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் கையைப் பிடித்திருந்தவன் என் சித்தப்பா மகன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவன் போலிருக்கிறது, சட்டைக் கையை மடித்தபடியே வந்திருந்தான். ஐயர் நேரம் ஆகிறது என்று மணவறையிலிருந்து கூவிக்கொண்டிருந்தார். சின்னவள் ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கும் மாமாவுக்குக் கையில் ஏதும் அடிபட்டுவிட்டதோ என்கிற மாதிரி பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்தது. கல்யாண வீட்டில் தாய்மாமன் அழுதால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

திரும்பி வரும்போது செக்கிஞ்சான் வயல்களைத் தாண்டியபிறகு மனைவி சொன்னாள்: "உங்க அக்கா ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நான் ஒரு தடவை கூப்பிட்டேன். பிள்ளை கதவுல நின்னு மாமான்னா." எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை என்றேன். அது உண்மை. வேட்டி மடிப்பில் ஏதோ உறுத்தியது, கையை விட்டேன். குதிரை. சீரையும் நான் கொடுக்கவில்லை.

மறுவாரம் புக்கிட் பெருந்துங் நண்பரிடம் காசைக் காட்டினேன். அவர் கையுறை மாட்டப் போனவர், காசைப் பார்த்ததும் மாட்டாமலே கையில் வாங்கிக்கொண்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, இது இப்ப புரூஃபும் இல்ல, புல்லியனும் இல்ல லா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாதி. உருக்குனா வெள்ளி விலை கிடைக்கும்."

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை சுங்கை ஆயர் தாவாருக்குப் போனேன். அக்கா கடையில் தனியாக இருந்தாள். இலையில் சோற்றை வைத்து, காரமான சம்பல் வைத்து, நெத்திலி தூவி, பாதி முட்டை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு குதிரைகளையும் அவள் முன்னால் பலகையில் வைத்தேன்.

"எதுன்னு நீ சொல்லுக்கா. அதைப் பிள்ளைக்குக் கொடுத்துடறேன். ரெண்டும் வேணும்னாலும் சரி."

அக்கா எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே."

என்ன செய்வேன்? வாய் திறந்துவிட்டது. இல்லக்கா, இது ஒரே அடியில் அடிப்பது, பட்டு மாதிரி மினுங்கும், இது மெருகேற்றி அழுத்துவது, தரை கண்ணாடி, இப்ப ரேகையால் சரியாகத் தெரியவில்லை, ஆனால் முன்னே இருந்ததைப் பார்த்திருந்தால் என்று சொல்லிக்கொண்டே போனேன். அக்கா ஆறேழு பொட்டலம் மடித்து முடித்தாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவருக்கு மூன்று கொடுத்துச் சில்லறை கொடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த பொட்டலத்தை அவள் சம்பல் வைக்காமலே மடித்ததைப் பார்த்தேன். அப்போதுதான் நிறுத்தினேன்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"ம்."

"மாப்பிள்ளை வீட்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அந்தம்மா அதை அப்பவே மறந்துட்டாங்க. பிள்ளைதான் கேட்டா, மாமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

வாழை இலைகளைத் துடைத்து அடுக்கிக் கொடுத்தேன். பிறகு, பெரிய ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அடுத்த தடவை பாருக்கா, காசு கீசு ஒண்ணும் கிடையாது. முதல் நாளே வந்து கதவுகிட்ட நின்னுடறேன்" என்றேன்.

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அடுத்த தடவை யாருக்குடா? எனக்கு ரெண்டு பிள்ளைங்கதானே."